ஊர் இரண்டுபட்டால் யாருக்குக் கொண்டாட்டம்?

(காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர்களும் கூத்துக் கலைஞர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



நாம் கூட்டத்திற்கு வந்துகொண்டிருந்தபோது தெருமுனையில் ஒரு பெரியவர் வழிமறித்தார். ஆயுசு முழுவதும் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தவர் என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. "இன்னா தோழர், இன்னிக்குக் கூத்தைப் பத்திப் பேசப் போறீங்களாமே? கூலியைப் பத்திப் பேசற ஆளுக்குக் கூத்துல இன்னா வேலை?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அவர் இப்போது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நாம் சொல்லும் பதில் இதுதான்: கூலியைப் பற்றித்தான் பேசப் போகிறோம், ஐயா. தறியில் நெய்து வாங்குவது ஒரு கூலி. விடிய விடிய ஆடி வாங்குவது இன்னொரு கூலி. இரண்டு கூலிக்கும் உள்ள உறவைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

முதலில் ஒரு பழமொழியை எடுத்துக்கொள்வோம். "ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்" என்று எல்லோரும் சொல்கிறோம். கட்சிக் கூட்டங்களில் நாமே பலமுறை சொல்லியிருக்கிறோம். ஊர் இரண்டு கட்சியானால் இரண்டு கட்சியும் போட்டி போட்டுக்கொண்டு இரண்டு கூத்து வைக்கும், கூத்தாடிக்கு இரட்டை வரும்படி என்பது அந்தப் பழமொழியின் கணக்கு. இந்தக் கணக்கைப் போட்டவன் ஒரு நாளும் கூத்து ஆடியிருக்க மாட்டான்.

இந்தக் காஞ்சிபுரத்தைச் சுற்றிலும், செய்யாறு, வந்தவாசி, ஆற்காடு, உத்திரமேரூர் பக்கமெல்லாம், திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊரில் பாரதம் எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அறுவடை முடிந்து கையில் நாலு காசு புழங்கும் காலத்தில் ஊர் கூடும். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடும். அந்த வரியிலிருந்துதான் பந்தல், விளக்கு, பாரதப் பிரசங்கியார், கூத்துக் கோஷ்டி எல்லாவற்றுக்கும் பணம். பகலில் பிரசங்கம் நடக்கும். இரவில் கூத்து. வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், துகில் உரிதல், அர்ஜுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று ராத்திரிக்கு ஒன்றாகப் போகும். கடைசி நாள் காலையில் படுகளம். களிமண்ணால் தரையில் துரியோதனனைப் பிரம்மாண்டமாகப் படுக்க வைத்து, வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அந்த மண் உடம்பைச் சுற்றிச் சண்டையிட்டு, கடைசியில் தொடையைப் பிளந்து, திரௌபதி கூந்தல் முடிவாள். சாயங்காலம் தீமிதி.

இத்தனைக்கும் ஆணிவேர் அந்தத் தலைக்கட்டு வரி. ஊர் இரண்டுபட்டால் முதலில் நிற்பது வரி. ஒரு கட்சி கொடுக்காது, இன்னொரு கட்சி வாங்காது. வரி இல்லையென்றால் காப்புக் கட்டு இல்லை. காப்புக் கட்டு இல்லையென்றால் கூத்து இல்லை. அப்புறம் தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம், வாசலில் போலீஸ் வண்டி, கோயில் கதவில் பூட்டு. விழுப்புரம் ஜில்லா மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் கால் வைக்கக் கூடாதென்று தகராறு எழுந்து, 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்களே, நினைவிருக்கிறதா? அஞ்சு புருஷனும் சபையில் தலைகுனிந்து நிற்க, நியாயம் கேட்டு நின்ற ஒரு பெண்ணின் கோயில் அது! அந்தக் கோயில் வாசலில் நியாயம் கேட்டவனை அடித்தார்கள். தேசமெல்லாம் அந்தச் செய்தியைப் பேசிற்று. பூட்டிய கோயிலின் முன்னால் எந்தக் கூத்துக்காரன் ஆடுவான், அவன் வீட்டில் அந்த மாதம் அடுப்பு எரிவது எப்படி என்று யாராவது பேசினார்களா? நாமும் பேசவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆகையால் பழமொழியைத் திருத்தியாக வேண்டும். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குப் பட்டினி. ஊர் ஒன்றுபட்டால்தான் அவனுக்குச் சோறு. சாதிச் சண்டை இல்லாத ஊர் என்பது நமக்குக் கொள்கை. கூத்துக் கலைஞனுக்கோ அது வயிற்றுப் பிரச்னை.

இந்த வேலை எப்படிப்பட்ட வேலை என்று கொஞ்சம் பார்ப்போம். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குக் கூத்து ஒரு விளையாட்டு. நாம் போன வருஷம் பங்குனிக் கடைசியில் செய்யாறு ரோட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில், கூத்துக் கொட்டகைக்குப் பின்னால் சாயங்காலத்திலிருந்து உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குத் துரியோதனன் வேஷக்காரர் ஐம்பதைத் தாண்டிய மனிதர். ஒரு கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, தன் முகத்தைத் தானே ஒரு மணி நேரத்திற்கு மேல் எழுதினார். பிறகு இடுப்பில் துணி மேல் துணியாகச் சுற்றி, அதன் மேல் பாவாடையை விரித்து, தோளில் புஜகட்டையும் மார்பில் பதக்கமும் தலையில் கிரீடமும் ஏற்றிக் கயிற்றால் இறுக்கினார்கள். எடை குறைவு என்பதற்காகக் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வர்ணக் காகிதமும் பதித்த கட்டைகள் அவை. எடை குறைவு என்பதெல்லாம் கையில் எடுத்துப் பார்க்கும்போதுதான். அதைக் கட்டிக்கொண்டு, காலில் சலங்கையோடு கிறுகிறுவென்று சுழன்று, மூச்சு வாங்காமல் பாட வேண்டும். பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுகிற நேரம்தான் அவருக்கு ஓய்வு.

"எங்க அப்பா காலத்துல மைக் கெடையாது. கடைசி வரிசைக்குக் கேக்கணும்னு கத்திக் கத்தியே நாப்பது வயசுல தொண்டை போச்சு. எனக்கு மைக் வந்துச்சு, தொண்டை தப்பிச்சுது, மொழங்கால் போச்சு" என்றார் அவர். ஐப்பசி மாதம் என்ன வேலை செய்கிறீர்கள் அண்ணே என்று கேட்டோம். "நெல்லு மூட்டை தூக்குவேன். நூறு நாள் வேலைக்கு அட்டை இருக்குது. மழை இல்லாத நாள் சித்தாள் வேலைக்குப் போவேன். துரியோதனன்னா சும்மாவா தோழர்? நூறு பேருக்கு அண்ணன். ஆனா ரேஷன் கார்டுல நாலு பேருதான்" என்று சிரித்தார். அதற்குள் முகவீணை கூப்பிட்டுவிட்டது. இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொள்ள, திரைக்குப் பின்னால் நின்று குரல் கொடுத்தபோது அந்த நெல்மூட்டைத் தொழிலாளியை நம் கண்ணால் தேடினாலும் காணவில்லை. அஸ்தினாபுரத்து ராஜாதான் நின்றார். விடியும்வரை நின்றார்.

நெசவாளித் தோழர்களே, இந்தக் கதையில் உங்களுக்குப் பழக்கமான ஒன்று இருக்கிறதா? சொல்கிறோம்.

முதலாவது, முன்பணம். சீசன் ஆரம்பிக்குமுன் வாத்தியாரிடமோ செட்டுக்காரரிடமோ கூத்துக்காரர் ஒரு தொகை வாங்குகிறார். மழைக்காலக் கடனை அடைக்க வேண்டும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு, பெண்ணுக்குச் சீர். வாங்கிய பணத்திற்கு அந்த சீசன் முழுவதும் அந்தக் கோஷ்டியில்தான் ஆட வேண்டும். செட்டுக்காரரும் பெரிய பணக்காரர் அல்ல. அவரும் வட்டிக்கு வாங்கித்தான் கொடுக்கிறார். இந்தத் தெருவில் முன்பணம் என்றால் என்னவென்று நாம் விளக்க வேண்டுமா? தறிக்கு முன்பணம் வாங்கி, அது அடையாமல், பிள்ளையைத் தறியில் உட்காரவைத்த கொடுமை இந்த ஊரில் நடந்தது. 1976-இலேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் 1990-களில்கூட இந்த ஊர்ப் பட்டுத் தறிகளில் குழந்தைகள் கரைக்கு நாடா எறிந்துகொண்டிருந்ததை வெளிநாட்டு அறிக்கைகள்கூட எழுதின. இன்று அந்த நிலைமை பெருமளவு மாறியிருக்கிறது என்றால், சட்டம் மட்டுமா காரணம்? சங்கம் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, கூச்சல் போட ஆளிருந்தது.

இரண்டாவது, மழை. ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் பாவு நீட்ட முடியாது, தறிக்குழியில் தண்ணீர் ஊறும், பட்டு நமுத்துப் போகும். உங்களுக்கு அது அரைப்பட்டினிக் காலம். கூத்துக்காரருக்கு அது முழுப்பட்டினிக் காலம். திறந்தவெளியில் ஆடும் கலைக்குக் கூரை ஏது?

மூன்றாவது, தெரு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறோம். இந்தக் கலைக்குப் பெயர் தெருக்கூத்தா, கட்டைக்கூத்தா என்று ஒரு வாதம் நெடுநாளாக இருக்கிறது. செய்யாறு வட்டத்தைச் சேர்ந்த புரிசையில், பரம்பரை பரம்பரையாக ஆடி வரும் தம்பிரான் குடும்பத்தார் தெருக்கூத்து என்ற பெயரையே பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தக் குடும்பத்தின் கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பெருங்கட்டூர் ராஜகோபாலும் அவரைச் சேர்ந்தவர்களும், தெரு என்ற சொல்லை வைத்துப் படித்தவர்கள் இக்கலையை மட்டம் தட்டுகிறார்கள், கட்டை கட்டி ஆடுவதால் இது கட்டைக்கூத்து என்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. பெயரைத் தீர்மானிக்கும் உரிமை ஆடுகிறவர்களுக்கே உண்டு. ஆனால் 'தெரு' என்பது வசைச்சொல் ஆனது எப்படி? விடியற்காலையில் இந்தப் பிள்ளையார்பாளையத்தில் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பாவை நீட்டிக் கட்டி, இழை இழையாகப் பார்த்துச் சரி செய்கிறீர்களே, அந்தப் பாவுதானே கல்யாண மண்டபத்தில் பட்டுப்புடவையாகப் போய் நிற்கிறது? புடவைக்கு மதிப்பு, தெருவுக்கு இளக்காரமா? பகலில் நெசவாளியின் பட்டறை, ராத்திரியில் கூத்தாடியின் மேடை என்று ஒரே தெரு இரண்டு உழைப்பாளிகளுக்கு இடம் கொடுத்திருக்கிறது. மாளிகையில் இடம் கிடைக்காதவர்கள் தெருவில்தான் வேலை செய்ய முடியும். 1989 ஜனவரி முதல் தேதி, டில்லிக்குப் பக்கத்தில் சாகிபாபாத்தில், தொழிலாளர்கள் நடுவில் வீதி நாடகம் ஆடிக்கொண்டிருந்த தோழர் சப்தர் ஹாஷ்மியைக் குண்டர்கள் தாக்கினார்கள். மறுநாள் அவர் உயிர் பிரிந்தது. அவர் விழுந்த இடமும் தெருதான். அந்தச் சொல்லுக்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.

கயிற்றில் ஆடும் பொம்மைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கும்பகோணம் பக்கம் பொம்மலாட்டம் பார்த்தவர்கள் இங்கே இருக்கலாம். அந்தப் பொம்மைகள் சிறியவை அல்ல, கனத்த மரப் பொம்மைகள். கயிறுகளை ஓர் இரும்பு வளையத்தில் கட்டி, அந்த வளையத்தை ஆட்டுகிறவர் தலையில் மாட்டிக்கொள்கிறார். கையில் கம்பி, தலையில் கயிறு. பொம்மை தலையாட்ட வேண்டுமானால் மனிதன் தன் கழுத்தை ஆட்ட வேண்டும். திரைக்கு முன்னால் இருப்பவனுக்குத் தெரிவது மீனாட்சி கல்யாணம். திரைக்குப் பின்னால் நடப்பது கழுத்து வலி. தெற்கே குமரி, மதுரை ஜில்லாக்களில் தோல்பாவைக் கூத்தாடும் குடும்பங்கள் மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய் ராமாயணம் நடத்தியவர்கள். வீட்டில் மராத்தி, திரைக்குப் பின்னால் தமிழ். அந்த ஆட்டம் வருஷத்துக்கு வருஷம் சுருங்கிவிட்டது. எழும்பூர் மியூசியத்திற்குப் போனால் தோல்பாவைகளைக் கண்ணாடிப் பெட்டியில் பார்க்கலாம். மியூசியம் இருக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஆட்டுகிறவன் வயிற்றைக் கவனிக்காத சமூகம் பாவையை மட்டும் கண்ணாடிக்குள் வைத்துக் காப்பாற்றுகிறது. கூத்தின் கட்டைகளும் அந்தப் பெட்டிக்குள் போக நாம் விட்டுவிடக் கூடாது.

விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள முயன்றவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். 1990-இல் கூத்துக் கலைஞர்கள் தாங்களே சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கம் என்று ஒன்றைக் காஞ்சிபுரத்தில் அமைத்தார்கள். பெருங்கட்டூர் ராஜகோபாலும், இந்தக் கலையை ஆராய நெதர்லாந்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட அவருடைய துணைவியார் ஹன்னா டி புருயினும் அதற்கு முன்னின்றவர்கள். 2002-இல் நகருக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் ஒரு குருகுலம் தொடங்கினார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிப்படிப்பும் உண்டு, கூத்துப் பயிற்சியும் உண்டு. கூத்தில் சேர்ந்தால் படிப்புப் போய்விடும் என்ற பழைய சாபத்தை உடைக்கப் பார்த்தார்கள். அதைவிடப் பெரிய காரியம், பெண் குழந்தைகளுக்கும் கட்டை கட்டியது. திரௌபதிக்குக் கோயில் கட்டி, திரௌபதிக்குத் தீ மிதித்து, திரௌபதி வேஷத்தை மட்டும் மீசையை மழித்த ஆணுக்கே கொடுத்து வந்த கலை இது. அந்தக் கலையில் பெண்கள் திரௌபதியாக மட்டுமல்ல, துரியோதனனாகவும் திரை விலக்கி வந்தார்கள். அந்தக் குருகுலம் 2020-இல் மூடப்பட்டது.

அந்த 2020-ஐ எந்தக் கூத்துக்காரரும் மறக்க முடியாது. மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. அது எந்த மாதம்? பங்குனி. தாம்பூலம் மாற்றி, முன்பணம் வாங்கி, கட்டைக்குப் புதுக் கண்ணாடி ஒட்டி முடித்த மாதம். அந்த சீசன் முழுக்கப் போயிற்று. 2021-லாவது ஆடலாம் என்றிருந்தபோது இரண்டாவது அலை வந்து, மே மாதம் மறுபடியும் ஊரடங்கு. இரண்டு சீசன் போனால் இடையில் உள்ள மழைக்காலத்தையும் சேர்த்து எத்தனை மாதம் என்று நீங்களே விரல் விட்டுப் பாருங்கள். தறி நின்றாலும் தறி வீட்டில் இருக்கிறது. கூட்டம் கூடாதே என்றால் கூத்துக்கு எதுவுமே இல்லை.

நோய் போயிற்று. இப்போது வேறு விதமான ஊரடங்கு இருக்கிறது. சத்தக் கட்டுப்பாட்டு விதிகள் என்று மத்திய சர்க்கார் 2000-இல் கொண்டுவந்தது. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது, வாத்தியங்களும் கூடாது. திருவிழா என்றால் மாநில சர்க்கார் நள்ளிரவு பன்னிரண்டு வரை தளர்த்தலாம், அதுவும் வருஷத்திற்கு 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. விதி தப்பென்று நாம் சொல்லவில்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிறது, நோயாளி இருக்கிறார், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலைக்கு விடியற்காலை கம்பெனி பஸ் பிடிக்கும் வாலிபர்கள் இருக்கிறார்கள். ஆள் உயரப் பெட்டிகளை அடுக்கிச் சுவர் அதிர வைக்கும் சினிமாப் பாட்டுக்கு இந்த விதி வேண்டியதுதான். ஆனால் ஒரு முகவீணை, ஒரு மிருதங்கம், ஒரு டோலக், ஒரு ஆர்மோனியம், ஒரு ஜோடி தாளம் இவற்றை வைத்துக்கொண்டு, ஊரே கேட்டு ஊரே உட்கார்ந்து பார்க்கும் பாரதக் கூத்துக்கும் அதே விதியா? பத்து மணிக்கு ஆரம்பித்து விடியலில் முடிவதுதான் கூத்து. பதினெட்டாம் போரைப் பன்னிரண்டு மணிக்குள் முடி என்றால் பீமன் என்ன செய்வான்? துரியோதனன் மடுவில் ஒளியாமலேயே தொடையைக் காட்ட வேண்டியதுதான்!

ஆட்சியாளர்கள் கூத்து, நாடகத்தின் மேல் கண் வைப்பது புதிதும் அல்ல. வங்காளத்தில் அவுரித் தோட்டத்து வெள்ளை முதலாளிகளின் கொடுமையைக் காட்டிய நீல் தர்ப்பண் போன்ற நாடகங்கள் மேடையேறிய காலத்தில்தான், 1876-இல், வெள்ளைக்காரன் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டான். சுதந்திரம் வந்த பிறகும் 1954-இல் சென்னை சர்க்கார் தனக்கென்று ஒரு நாடகச் சட்டம் போட்டுக்கொண்டது. நாடகத்தின் பிரதியைப் போலீசிடம் கொடுத்துக் காத்திருக்க வேண்டிய நிலை. 2013-இல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியமான ஷரத்துகளைச் செல்லாதென்றது. வெள்ளைக்காரன் சட்டம் 2018-இல்தான் ரத்தாயிற்று. வார்த்தைக்குப் பூட்டு போட்ட சட்டம் போயிற்று. நேரத்திற்குப் பூட்டு போடும் விதி இருக்கிறது.

இங்கே சுயவிமர்சனமாக ஒன்று சொல்லியாக வேண்டும். 1943-இல் பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றம் தோன்றிய காலத்திலிருந்து, மக்கள் கலைகளை மக்களுக்காகப் பயன்படுத்த வேண்டுமென்று நம் இயக்கம் சொல்லி வருகிறது. சரியான கொள்கை. ஆனால் நடைமுறையில் பல சமயம் என்ன செய்தோம்? கட்டியக்காரன் வாயில் மாநாட்டுத் தீர்மானத்தைத் திணித்தோம். கட்டியக்காரன் யார்? ராஜாவின் பக்கத்தில் நின்றுகொண்டே ராஜாவைக் கிண்டல் செய்கிறவன். ரேஷன் கடைப் புழுத்த அரிசியை அஸ்தினாபுரத்து அரண்மனையில் கொண்டுபோய்க் கொட்டுகிறவன். அவனுக்கு நாம் அரசியல் சொல்லிக்கொடுக்கப் போவது, மீனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பதுதான். தேர்தல் வந்தால் கூத்துக் கலைஞரைத் தேடிப் போகிறோம். தேர்தல் முடிந்தால் அவர் வீட்டு வழியே தெரிவதில்லை. இதை மாற்றிக்கொள்ள வேண்டியது நாம்.

அதற்காகக் கூத்தில் இருப்பதெல்லாம் தங்கம் என்று சொல்லிவிட முடியாது. பெண்களைக் கேவலமாகப் பேசும் நகைச்சுவைக்கு இன்றும் குறைவில்லை. ஊருக்கு ஒரு கூத்து, சேரிக்கு ஒரு கூத்து என்று பிரித்து வைத்த பழக்கமும் ஒழிந்துவிடவில்லை. நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, உள்ளதைச் சொல்கிறோம். ஆனால் அதே கூத்தில் கர்ண மோட்சம் இருக்கிறது. போருக்குப் போகுமுன் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். பிறப்புத் தெரியாதவன், தேரோட்டி வளர்த்தவன் என்று வாழ்நாள் முழுவதும் அவனைத் தீண்டாமல் ஒதுக்கியவள் அவள். சாகப் போகிறவன் அந்த வாசலில் நிற்கிற நேரம், கூத்துப் பார்க்கிற எந்த ஊரிலும் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காது. இந்தப் பக்கத்தில் சாவு வீட்டுக் காரியத்திற்குக்கூடக் கர்ண மோட்சம் வைக்கிறார்கள். பிறப்பை வைத்து மனிதனை அளந்தது தவறு என்று, செத்தவன் வாசலில், ஊரையே உட்காரவைத்து விடிய விடியச் சொல்கிறார்கள். இதைவிடக் கூர்மையாக நாம் எந்தத் துண்டுப் பிரசுரத்தில் எழுதியிருக்கிறோம்?

துகில் உரிதல் பார்க்கும்போது நம் பக்கத்தில் ஒரு நெசவாளித் தோழர் உட்கார்ந்திருந்தார். துச்சாதனன் இழுக்கிறான், புடவை வந்துகொண்டே இருக்கிறது. ஜனங்கள் கோவிந்தா போடுகிறார்கள். இவர் மெதுவாக நம் காதில், "அத்தனை பொடவைக்கும் கூலி யார் குடுத்தாங்க தோழர், கிருஷ்ண பரமாத்மாவா?" என்றார். நாம் சிரித்துவிட்டோம், பின்வரிசை அம்மாள் ஒருவர் அதட்டினார். ஆனாலும் அந்தக் கேள்வியை நாம் மறக்கவில்லை.

இனிமேல் செய்ய வேண்டியதற்கு வருகிறோம். தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இல் ஏற்பட்டது. அதில் பதிந்தவருக்குத்தான் உதவி. கொரோனா நேரத்தில் நிவாரணம் வந்தபோதும் பதிவு இருந்தவருக்குத்தான் முதலில் கை நீண்டது. கட்டை கட்டுகிறவர் மட்டுமல்ல, பின்பாட்டுக்காரர், முகவீணைக்காரர், மிருதங்கக்காரர், திரை பிடிப்பவர் வரை எல்லோரும் பதிய வேண்டும். பெண் கலைஞர்களை விட்டுவிடக் கூடாது.

மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். கடலுக்குப் போகக் கூடாதென்று சர்க்கார் சொல்கிறது, அந்தக் காலத்திற்கு மீனவர் குடும்பத்திற்கு நிவாரணம் கொடுக்கிறது. மண்பாண்டத் தொழிலாளிக்கு மழைக்கால நிவாரணம் உண்டு. இவை தானமாக வந்தவை அல்ல, கேட்டுப் பெற்றவை. மழையில் சட்டி காயாது என்பது நியாயமானால், மழையில் கூத்து ஆட முடியாது என்பதும் நியாயமே. புரட்டாசி முதல் மார்கழி வரைக்குமான மழைக்கால நிவாரணம் கூத்துக் கலைஞருக்கும் வேண்டுமென்று கேட்போம். திரௌபதி அம்மன் பாரதத்திற்கு, ஊர்ச் சம்மதம் இருந்தால், விடியும்வரை ஆட அனுமதி கேட்போம். ஒரு வாத்தியார் தனியாகப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் மனுவோடு நின்றால் மத்தியானம் வரை நிற்க வைப்பார்கள். நெசவாளர் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் கூடப் போய் நின்றால் நாற்காலி போடுவார்கள். இது நம் அனுபவம்.

முன்வரிசைப் பெரியவர் தலையை ஆட்டுகிறார். கூலியைப் பற்றித்தான் பேசினோம் என்று ஒப்புக்கொண்டார் போலிருக்கிறது.

இன்றிரவு இதே இடத்தில் கர்ண மோட்சம். பன்னிரண்டு மணி வரைதான் அனுமதி கிடைத்திருக்கிறது. கர்ணன் பன்னிரண்டு மணிக்குள் செத்தாக வேண்டும் என்பது உத்தரவு. பொன்னுருவி வாசலில் அவன் நிற்கும் காட்சியை மட்டும் ஒரு வரிகூடக் குறைக்க மாட்டேன் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். வேறு எங்கே குறைப்பதென்று அங்கே பின்னால் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். வாரியத்தில் பதிவதற்கான படிவங்கள் இடதுபக்க மேஜையில் இருக்கின்றன. இரண்டு தோழர்கள் எழுதித் தருவார்கள். ஆதார், ரேஷன் கார்டு நகல், போட்டோ இரண்டு இருந்தால் போதும். அரிதாரம் பூசி முடித்து, முகவீணைக்காரர் சீவாளியை நனைத்துக்கொண்டு நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நாம் பேசும் ஒவ்வொரு நிமிஷமும் கர்ணன் கணக்கில் போகிறது. இறங்குகிறோம்.